பெட்டி வாங்குவது சுலபம், அதற்குப் பிறகு?

கோழி வறுத்து விற்கிற கடைக்கும் குபெர்னெட்டீஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட சிக்-ஃபில்-ஏ என்ற உணவக நிறுவனத்தின் பொறியாளர்கள் 2018-ல் ஒரு தகவலை எழுதி வெளியிட்டபோது, கணினித் துறையில் இருப்பவர்களே மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். ஒவ்வொரு கடையிலும் உள்ளங்கை அகலத்தில் மூன்று சின்னக் கணினிகள். அப்போது கடைகள் சுமார் 2,000. ஆக 6,000 பெட்டிகள், அத்தனையிலும் குபெர்னெட்டீஸ்! ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையைப் பூட்டிவிடுகிற பழைய பழக்கத்தை விடாத நிறுவனம் அது. சமையலறையில் மட்டும் இவ்வளவு புதுமை.

குபெர்னெட்டீஸ் என்பது 2014-ல் கூகுள் வெளியிட்ட இலவச, திறமூல மென்பொருள். ஒரு பெரிய மென்பொருளைக் கன்டெய்னர் எனப்படும் பொட்டலங்களாகக் கட்டி வைத்தால், எந்தப் பொட்டலம் எந்தக் கணினியில் ஓட வேண்டும், ஒன்று படுத்துவிட்டால் எங்கே மறுபடி எழுப்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற மேஸ்திரி. இந்த மேஸ்திரி பிறந்து வளர்ந்தது ஏசி போட்ட டேட்டா சென்டரில். ஒரே கட்டடத்தில் ஆயிரக்கணக்கான சர்வர்கள், கூப்பிட்ட குரலுக்குப் பொறியாளர்கள், அறுபடாத மின்சாரம். அவரைக் கொண்டுபோய் எண்ணெய்ப் புகை நடுவே உட்கார வைப்பதற்குத்தான் எட்ஜ் கம்ப்யூட்டிங் என்று பெயர்.

எதற்கு இந்த வேலை? எல்லாவற்றையும் கிளவுடிலேயே வைத்துக்கொண்டால் என்ன? இன்டர்நெட் அறுந்தால் வரிசையில் நிற்கிறவர் காத்திருக்க மாட்டார், அவ்வளவுதான். அடுப்பும் வறுவல் சட்டியும் அனுப்புகிற விவரங்களைச் சேர்த்து, எந்த நேரத்துக்கு எவ்வளவு உருளைக்கிழங்கு போட வேண்டும் என்று கணிக்கிற வேலை கடைக்குள்ளேயே நடந்துவிட்டால், வெளியே என்ன அறுந்தாலும் வியாபாரம் நிற்காது. நியாயமான காரணம்.

இதில் பொறியாளர்களைவிட வணிகவியல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கடைகளில் கணினி தெரிந்தவர் யாரும் கிடையாது. அதனால் பெட்டி கெட்டால் பழுது பார்ப்பதில்லை. வேறொரு பெட்டியை அனுப்புவார்கள், கடையில் இருப்பவர் ஒயரைச் செருகுவார், மீதியைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். மாற்றுப் பெட்டி வருகிறவரை மற்ற இரண்டும் சுமையைத் தாங்கும். அதாவது கணக்குப் புத்தகத்தில் நிலைச் சொத்து என்று எழுதப்படுகிற ஒன்று, நடைமுறையில் டியூப் லைட் மாதிரி. கெட்டால் கழற்று, புதிதாக மாட்டு. இப்படி யோசித்ததுதான் அந்த நிறுவனத்தின் கெட்டிக்காரத்தனம். குபெர்னெட்டீஸ் என்ற பெயரில் ஒன்றும் இல்லை.

சரி, 6,000 பெட்டிகளுக்கும் புது மென்பொருளை எப்படிக் கொண்டு சேர்ப்பது? தலைமையகம் ஒவ்வொரு பெட்டியாகக் கதவைத் தட்டிக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் இன்று இரவு எந்தக் கடையில் இணைப்பு இல்லை, எது விட்டுப்போனது என்று யாராவது கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். ஒவ்வொரு கடைக்கும் மையத்தில் ஒரு பதிவேடு. இந்தக் கடையில் இன்னின்ன மென்பொருள், இன்னின்ன பதிப்பு ஓட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கடையில் இருக்கும் பெட்டி அடிக்கடி எட்டிப் பார்த்து, அதில் உள்ளபடி தன்னை மாற்றிக்கொள்ளும். நோட்டீஸ் போர்டைப் பார்க்கிற மாணவனைப் போல. இரண்டு நாள் லீவு போட்டவனும் வந்ததும் போர்டைப் பார்த்தால் போதும். இந்த முறைக்கு கிட்-ஆப்ஸ் என்று பெயர். 2017-ல் அந்தப் பெயரைப் பிரபலமாக்கிய வீவ்வொர்க்ஸ் நிறுவனம் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதன் ஃப்ளக்ஸ் மென்பொருள் திறமூலமாக இருந்ததால் பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த நிறுவனத்தோடு பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள் வேறு ஆளைத் தேட வேண்டி வந்திருக்கும்.

போர்டில் தப்பாக எழுதிவிட்டால்?

2024 ஜூலை 19-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சின்னக் கோப்பை வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பியது. 78 நிமிடத்தில் தவறு தெரிந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. டெல்டா விமான நிறுவனம் மட்டும் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. அது எட்ஜ் குபெர்னெட்டீஸ் சம்பந்தப்பட்ட விபத்தல்ல என்பது உண்மை. ஆனால் வலி எங்கே வந்தது என்று பாருங்கள். கணினி எழுந்திருக்கவே இல்லையென்றால் தூரத்திலிருந்து சரிசெய்ய முடியாது. பெரும்பாலான இடங்களில் ஒரு ஆள் நேரில் போய், சேஃப் மோடில் ஏற்றி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. மையத்திலிருந்து ஒரு நொடியில் போன தவறைத் திருத்த ஆள் பஸ் பிடித்துப் போக வேண்டியிருக்கிறது. முதலில் பத்துக் கடை, பிறகு நூறு, பிறகுதான் மீதி என்று படிப்படியாக அனுப்பியிருந்தால் பத்தோடு போயிருக்கும். அந்த நிறுவனமும் பிறகு அந்த வழிக்குத்தான் வந்தது.

இப்போது செலவுக் கணக்குக்கு வரலாம். எட்ஜ் திட்டம் போடுகிறவர்கள் பெட்டி விலையை எழுதுவார்கள், மென்பொருள் என்ற வரியில் இலவசம் என்று எழுதுவார்கள். பெட்டிக்கு நான்கைந்து வருடத் தேய்மானம் போடுவார்கள். ஆனால் குபெர்னெட்டீஸில் வருடத்துக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் திருத்தங்கள் கிடைப்பது சுமார் 14 மாதம் மட்டுமே. அதாவது புது வசதி ஒன்றுமே வேண்டாம் என்று சும்மா இருந்தாலும், பெட்டியின் ஆயுளுக்குள் நான்கைந்து தடவையாவது எல்லாக் கடைகளிலும் மேஸ்திரியையே மாற்றியாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற கடையில்! எட்ஜுக்கென்றே 2019-ல் வந்த கே3எஸ் 100 எம்பிக்குள் ஒரே கோப்பாக அடங்கும். நல்ல சரக்குதான். ஆனாலும் அதற்குள் இருப்பது அதே குபெர்னெட்டீஸ் என்பதால் இந்த ஓட்டம் அதற்கும் உண்டு. போதாததற்கு உள்ளே இருக்கும் சான்றிதழ்களின் ஆயுள் பொதுவாக ஒரு வருடம். ஒழுங்காக அப்டேட் ஆகிக்கொண்டிருந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். யாரும் தொடாமல் விட்டால் ஒரு நாள் காலை பெட்டிகள் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாது என்று சொல்லிவிடும்.

பத்துக் கடை வைத்திருப்பவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஒரு சாதாரணக் கணினியும் நம்பகமான ஒரு ஆளும் போதும். ஆயிரக்கணக்கில் கடை வைத்து, இதற்கென்றே நிரந்தரமாக ஒரு குழுவுக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தவருக்குத் தாராளமாகச் சரிப்படும். சிக்கிக்கொள்கிறவர்கள் நடுவில் இருப்பவர்கள். அறுபது, எண்பது கடை. கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்து பெட்டி வாங்கிவிடுவார்கள். நிறுவிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவார். பதிவேட்டில் எழுத ஆள் இருக்காது. பெட்டி மட்டும் கடையில் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒருவர் வாங்கப் போகிறார் என்றால், விற்க வருகிறவரிடம் வண்ணப்படம் கேட்க வேண்டாம். ஓடுகிற பெட்டியின் ஒயரைப் பிடுங்கிக் காட்டச் சொல்லலாம். ஒரு பெட்டியை இரண்டு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி செருகி, அது தானாகச் சேர்கிறதா என்று பார்க்கலாம். வேண்டுமென்றே ஒரு தப்பான அப்டேட்டை அனுப்பச் சொல்லி, அது எத்தனை கடையோடு நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். மூன்றாவது வருடம் பதிப்பு மாற்றப்போகிறவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்பதையும் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.