பள்ளித் திட்டமும் மாணவர் குரலும்

ஒரு சங்கத்தின் துணை விதிகளைப் பேரவையின் முன் வைக்காமல் தலைவரும் செயலாளரும் மட்டும் எழுதி முடித்தால், அவை ஏட்டில் இருக்கும், நடப்பில் இரா. இதனை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் பயிலும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதையே இங்கு வற்புறுத்த விரும்புகிறோம்.

கோடையில் விருந்தினர் பெருகுந்தோறும் கொடைக்கானலில் நீரின் தேவையும் குப்பையின் அளவும் பெருகுகின்றன. பழனி மலைச் சோலைகளில் ஊறும் நீரோ அடிவாரத்து வயல்களுக்கும் உயிராகும். ஆகவே, நீர், மின்சாரம், உணவு, குப்பை ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொரு பள்ளியும் ஒரு வளங்காப்புத் திட்டம் வகுத்துக்கொள்வது நன்றே. அதனை வகுப்போர் யார் என்பதே கேள்வி.

தலைமையாசிரியர் ஒருவரே வகுத்தால் போதாது. எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதைத் தூய்மைப் பணியாளர் அறிவார். சத்துணவில் எந்நாளில் எவ்வளவு சோறு மிஞ்சுகிறது என்பதைச் சமையலர் அறிவார். பள்ளியில் குடிநீர் இருந்தும் பிள்ளைகள் கடையில் புட்டி நீர் வாங்குவது ஏன் என்பதைப் பிள்ளைகளே அறிவார்கள்.

பொருளைக் கையாளுவோர் அதன் தன்மையை அறியாதிருப்பதன் தீங்கைக் கொடைக்கானல் கண்டிருக்கிறது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பாதரசக் கண்ணாடிக் கழிவு, 2001-ஆம் ஆண்டில் பழைய பொருட் கடையொன்றில் ஊராரால் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆலை மூடப்பட்டது. பாதரசத்தின் ஆபத்து தங்களுக்கு உரியவாறு உணர்த்தப்படவில்லை என்று தொழிலாளர் முறையிட்டனர். முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016-இல்தான். கேட்கும் உரிமையும் சொல்லும் துணிவும் பள்ளிப் பருவத்திலேயே பழக வேண்டியவை.

சிறுவர்க்கு இதெல்லாம் இயலுமா எனச் சிலர் ஐயுறலாம். தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2006-ஆம் ஆண்டு முதல் பசுமைப் பள்ளித் திட்டத்தை நடத்தி வருகிறது. காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்னும் ஆறு இனங்களில் மாணவர்களே ஆசிரியர் துணையுடன் தம் பள்ளியைத் தணிக்கை செய்கிறார்கள். இருப்பைச் சரிபாராமல் கணக்கு முடித்தல் தகாது என்பது சங்கங்களை ஆய்வு செய்யும் நமது தொழிலின் முதற் பாடம். அப்பாடத்தை அம்மாணவர்கள் கற்றுவிட்டனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. பிள்ளைகளைக் குப்பை பொறுக்கச் செய்வதும், மரக்கன்றுடன் நிறுத்திப் படம் பிடிப்பதும் பங்கேற்பு ஆகா. வகுப்புப் பிரதிநிதிகளும், ஆசிரியரும், சமையலரும், தூய்மைப் பணியாளரும் ஒரே குழுவில் அமர வேண்டும். 1844-இல் ராக்டேல் முன்னோடிகள் காட்டிய வழியில் ஒருவருக்கு ஒரு வாக்கு இருக்க வேண்டும். தீர்மானங்கள் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏற்க இயலாத தீர்மானத்திற்குத் தலைமையாசிரியர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இவ்வொரு விதி இல்லையேல் குழு வெறும் அலங்காரமே.

இதில் அங்கத்தினர்களுக்கும் கடமை உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வகுப்பதும் அக்குழுவின் பணியே. அங்கே அமரும் நெசவாளரும் விவசாயியும், "பிள்ளைகளைக் கேட்டீர்களா? பணியாளரைக் கேட்டீர்களா?" என்று வினவட்டும். 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கு வகை நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கிற்று. பள்ளிக்கு வேண்டிய துணிப்பைகளை நெசவாளர் சங்கம் அளிக்கலாம். பள்ளியின் மட்கு உரத்தை விவசாயிகள் சங்கம் வாங்கிக்கொள்ளலாம்.

இன்று பள்ளிக் குழுவில் கைதூக்கி வாக்களிக்கும் பிள்ளை நாளை நம் பேரவையில் அமரும் அங்கத்தினர். கணக்குக் கேட்கத் தெரிந்த அங்கத்தினரே சங்கத்தின் காவல். அத்தகையோரை ஆக்கும் பணியில் பள்ளிகளுக்குத் துணை நிற்குமாறு சங்கத்தார் அனைவரையும் வேண்டுகிறோம்.