சட்டைக்கு லேபிள் உண்டு, செடிக்கு இல்லை

திருப்பூர் வீரபாண்டியில் தைத்த ஒரு பனியனைத் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் ஒரு சின்ன லேபிள் இருக்கும். பருத்தி எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி தண்ணீரில் துவைக்கலாம், இஸ்திரி போடலாமா என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதில் ஒரு எண் தவறினால் பையர் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிட முடியும். அதே ஊரில் வீட்டுக்குப் பின்னால் வைக்க ஒரு லிச்சிக் கன்று வாங்குகிறவருக்குக் கிடைப்பதோ கறுப்புப் பாலித்தீன் பையும், 'மூணு வருஷத்துல காய்க்கும்' என்ற வாய்வார்த்தையும்தான். வீரபாண்டி போன்ற ஊரில் லிச்சி காய்ப்பது மிகமிக அரிது. அதை விற்கும்போதே எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

லிச்சி தென்சீனத்து மரம். குவாங்டாங், ஃபுஜியன் பகுதிகளில் கோடை மழையில் தழைத்து, குளிர்காலத்தில் சில வாரங்கள் துளிர் விடாமல் அடங்கிக் கிடக்கும். அந்த அடக்கமும் குளிரும் சேர்ந்தால்தான் நுனி மொட்டு பூங்கொத்தாகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிறிஸ்டோபர் மென்சல் செய்த சோதனைகளில் பகல் 15, இரவு 10 டிகிரியில் வைத்த செடிகள் நன்றாகப் பூத்தன. பகல் 30, இரவு 25 டிகிரியில் வைத்தவை இலை மட்டுமே விட்டன. நம் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களிலும் பகல் வெயில் 30 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. இரவில் 18, 19 வரை இறங்கினாலே குளிர் என்று போர்த்திக்கொள்கிறோம். பீகாரின் முசாஃபர்பூரில் ஜனவரி இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே போகும். 2018-இல் புவிசார் குறியீடு பெற்ற ஷாஹி லிச்சி அங்கே விளைவது அந்தக் குளிரால்தான். தை மாதத்தில் லிச்சியின் கொப்பு நுனியை உற்றுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். குளிர் விழுந்த இடத்தில் குருத்தின் கணுக்களில் கம்பம்புல் மணியளவுக்கு வெளிறிய மொட்டுகள் அரும்பும். குளிர் நடுவில் விட்டுப்போனால் அந்த மொட்டுகள் கருகி உதிர, கூடவே வந்த செம்பு நிறக் குட்டி இலைகள் நீண்டு வழக்கமான துளிராகிவிடும். மரம் செழிப்பாகத்தான் இருக்கும், காய் மட்டும் இருக்காது. செழிப்பாக இருப்பதால்தான் அதை வெட்டவும் மனம் வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

தென்னாட்டில் லிச்சியே காய்ப்பதில்லையா என்றால், காய்க்கிறது. வயநாடு, குடகு, பழனி மலையின் கீழ்ச்சரிவு போன்ற இடங்களில் காய்க்கிறது. வடக்கே மே, ஜூனில் பழம் வரும்போது இங்கே டிசம்பரை ஒட்டி வருவது தனிச் சிறப்பு. ஆனால் அவையெல்லாம் மலைக் காற்றும் நல்ல மழையும் உள்ள இடங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் திருப்பூருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்டு வீசும்போது இளந்துளிரின் ஓரம் காகிதம்போல் காய்ந்து சுருண்டுவிடும்.

மண்ணும் தண்ணீரும் இன்னொரு தடை. லிச்சிக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும், வேரோடு கூடி வாழும் உட்பூசணம் வேண்டும். நம் பக்கத்தில் இரண்டடி தோண்டினாலே பல இடங்களில் சுக்கான்கல் தட்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து வேருக்கு எட்டாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது அதனால்தான். சாயக் கழிவால் நொய்யல் கரையோர நிலத்தடி நீர் உப்பேறிய கதையை இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது போனது. லிச்சி உப்பைத் தாங்காத மரம். போர் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி கருகும். குழாயில் வரும் நல்ல தண்ணீரை ஊற்றலாம்தான், அது வீட்டுக் குடத்திலிருந்து எடுத்து ஊற்றுவது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. கொய்யா, சப்போட்டா, சீத்தா எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதானே, அவை காய்க்கவில்லையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவை நம்மைப் போலவே வெயில் காயும் நாடுகளிலிருந்து வந்தவை, பூக்கக் குளிரைக் கேட்பதில்லை. மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைவிட எந்தத் தட்பவெப்பத்திலிருந்து வந்தது என்பதே முக்கியம். லிச்சியின் சொந்தக் குடும்பத்திலேயே பூந்திக்கொட்டையும் விராலியும் முடக்கத்தானும் இருக்கின்றன. மூன்றும் நம் காட்டு மேட்டில் தானாக வளர்பவை. அதைக் காட்டி லிச்சியும் வளரும் என்று சொல்லிவிட முடியாது.

தாய்லாந்தில், கடலோரச் சமவெளியான அம்பாவாவில் லிச்சி காய்க்கிறதே என்பது அடுத்த வாதம். உண்மைதான். அது குறைந்த குளிருக்குப் பழகிய தனி ரகம். அங்கேயும் குளிர் சரியாக விழாத ஆண்டில் விளைச்சல் படுத்துவிடும். இங்கே விற்கும் கன்று அந்த ரகமா, ஷாஹியா, வெறும் விதைக்கன்றா என்று வாங்குகிறவருக்கு யார் சொல்வது? தொட்டியில் ஐஸ் கொட்டுவது, பட்டையை வளையமாகச் சீவுவது, தண்ணீரை நிறுத்துவது என்று சில உபாயங்களும் உலவுகின்றன. பட்டை சீவுவதும் வாடப் போடுவதும் துளிரை அடக்கக்கூடும், ஆனால் குளிருக்கு மாற்றாகாது. குளிரை உணர வேண்டியது கொப்பும் இலையும், அதனால் வேரடியில் ஐஸ் கொட்டிப் பயனில்லை. காய்க்காவிட்டால் போகிறது, நிழலாவது தரட்டும் என்பவர்களுக்கு வேம்பும் புங்கனும் இருக்கின்றன. இரண்டும் இவ்வளவு தண்ணீர் கேட்பதில்லை.

சின்ன நர்சரி வைத்திருப்பவர் மீது இது சுமை என்று சிலர் சொல்லலாம். லட்சக்கணக்கில் லேபிள் அச்சடிக்கும் ஊரில் ஒரு லேபிளுக்கு ஆகும் செலவு கன்றின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. வாங்குகிறவர் இழப்பதோ ஆறேழு வருடமும், முப்பதடி விரியும் மரத்துக்காக ஒதுக்கிய கொல்லையும். அந்த இடத்தில் மூன்று மாதுளையும் ஒரு சீத்தாவும் வைத்திருந்தால் பிள்ளைகள் பள்ளி முடிப்பதற்குள் எத்தனையோ முறை பறித்துத் தின்றிருப்பார்கள். தோட்டக்கலைத் துறை முதலில் தன் அரசுப் பண்ணைகளில் விற்கும் கன்றுகளில் இதைத் தொடங்கலாம். லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துத் தரலாம். தனியார் நர்சரிகளுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தால் போதும். லிச்சிக்கு ஐந்து வரி ஆகும்: ரகத்தின் பெயர், விதைக்கன்றா விண்பதியமா என்பது, தாய்மரம் காய்த்த ஊரும் உயரமும், பூக்கப் பல வாரம் குளிர் வேண்டும், சுண்ணாம்பு மண்ணும் உப்புத் தண்ணீரும் ஆகாது.