எந்தப் பாறை என்று கேளுங்கள்

தூண்டில் கடைகளில் இரைகளை நிறவாரியாகத் தொங்கவிடும் வழக்கம் ஒழிய வேண்டும். கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் லிங்காட் மீன் பிடிக்கப் படகுகள் கிளம்பும் பருவம் வந்துவிட்டது. இந்த வாரம் கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்க ரப்பர் மீன்கள்: ஒரு வரிசை சிவப்பு, ஒரு வரிசை பச்சை, ஒரு வரிசை மினுமினுக்கும் ஊதா. “பெரிய லிங்காட்டுக்கு எது நல்லது?” என்று ஓர் இளைஞர் கேட்டார். கடைக்காரர் சிவப்பை எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு ஆழம், பாறையா மணலா, நீரோட்டம் எப்படி என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். அறுபது மீட்டர் ஆழத்தில் அந்தச் சிவப்பு மீன் வெறும் கருநிழல். லிங்காட்டுக்குக் காற்றுப்பை கிடையாது. நடுநீரில் மிதந்து நிற்காமல், பாறை இடுக்கில் வயிறு பதித்துக் காத்துக் கிடக்கும். தலைக்கு மேல் ஏதாவது தடுமாறிப் போனால் பாயும். வாயில் ஐந்நூறு பற்களுக்கு மேல் இருக்கும். நாளுக்கு இருபது போல விழுந்து புதிதாக முளைக்கின்றன என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் எழுதினார்கள். எப்போதும் கூர் மங்காத பற்கள். முள்ளுக்கு மேலே தடித்த நரம்பு கட்டுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மறுபடியும் கடலுயிரியலாளர் எட் ரிக்கெட்ஸா என்று இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் கேட்பார்கள். ஆமாம், அவரேதான். அந்தச் சுவரைப் பார்த்ததும் அவர் ஜாக் கால்வினோடு சேர்ந்து எழுதி 1939-ல் வெளிவந்த ‘பிட்வீன் பசிபிக் டைட்ஸ்’தான் நினைவுக்கு வந்தது. அதுவரை கடலுயிர் நூல்கள் பெரும்பாலும் இனவாரியாகப் போகும்: கடற்பஞ்சு முடிந்து சொறிமீன், பிறகு புழு, பிறகு நண்டு. ரிக்கெட்ஸ் இடவாரியாக எழுதினார். அலை அறையும் திறந்த கரை, சற்றே மறைவான வெளிக்கரை, வளைகுடாவும் கழிமுகமும், துறைமுகத் தூண்கள். ஒவ்வோர் இடத்திலும் யார் யார் கூடி வாழ்கிறார்கள், யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்த்தார். ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஃபிஷருக்கு இந்த அடுக்குமுறை பிடிக்கவில்லை. ரிக்கெட்ஸிடம் பட்டம் கிடையாது. மத்தி ஆலைகளுக்கு நடுவே ஒரு கூடம் வைத்து, பள்ளி கல்லூரிகளுக்குக் கடலுயிர் மாதிரிகள் விற்றுப் பிழைத்தவர். 1936-ல் அந்தக் கூடம் தீயில் போனது. பதிப்பகத்துக்கு முன்பே போயிருந்த கையெழுத்துப்படி பிழைத்துக்கொண்டது. 1948-ல் மான்டரே ரயில் கடவையில் அவருடைய கார் மீது ரயில் மோதி இறந்தார். இப்பேர்ப்பட்டவரை ஸ்டைன்பெக்கின் ‘கேனரி ரோ’ நாவலில் வரும் ‘டாக்’ என்று மட்டும் இந்த ஊர் நினைவில் வைத்திருப்பது பெரிய அநியாயம். நாவலைப் படித்தவர்கள் அவருடைய சொந்தப் புத்தகத்தையும் ஒருமுறை திறக்க வேண்டும்.

அலை ஏறி வடியும் விளிம்போடு அந்த நூல் நின்றுவிடுகிறது. லிங்காட் கிடக்கும் ஆழத்துக்குப் போவதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை எவ்வளவு ஆழத்துக்கும் கொண்டுபோகலாம். பாறை முடிந்து மணல் தொடங்கும் ஓரமா? அங்கே சாண்ட்டேப் என்ற தட்டை மீன் திரியும். அதையே உயிரோடு உதட்டில் முள் கோத்து இறக்குங்கள், அதைவிட நல்ல இரை எனக்குத் தெரியாது. இடுக்குகள் நிறைந்த பாறையா? பேய்க்கணவாய் ஒளியும் இடம் அது. நீண்ட வால் ஆடும் கறுப்பு ரப்பரை ஈயத்தலையில் மாட்டி, தரையைத் தட்டித் தட்டி எழுப்புங்கள். ராக்ஃபிஷ் என்ற பாறைமீன் கூட்டம் சுற்றும் செங்குத்துப் பாறையா? ஒரு சாணுக்குக் குறையாத ரப்பர் மீன் வேண்டும். அங்கே சில சமயம், முள்ளில் மாட்டி மேலே வரும் சின்ன ராக்ஃபிஷை லிங்காட் கவ்விக்கொண்டு, தன் வாயில் முள்ளே இல்லாமல் படகு வரைக்கும் கூடவே வரும். பிடித்ததை விடாத அந்தப் பிடிவாதத்தைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. ஈயத்தின் எடையை நீரோட்டம் சொல்லும்: தரை கைக்குத் தட்டுப்படும் அளவு போதும்.

இன்னொன்றும் இடத்தைப் பொறுத்ததுதான். குளிர்காலத்தில் பாறைகளில் முட்டையிட்டுவிட்டுப் பெண் மீன் ஆழத்துக்குப் போய்விடும். முட்டைகளுக்குக் காவல் நிற்பது ஆண். அது பெரிதாக வளர்வதுமில்லை. ஆகவே இளவேனிலில் மிகப் பெரிய லிங்காட்டைத் தேடி ஆழத்தில் தூண்டில் இறக்குகிறவர் தாய்மீனைத்தான் தேடுகிறார். அவளைத் திருப்பி விடுங்கள் என்று கேட்கிறேன். ஆழத்திலிருந்து வரும் ராக்ஃபிஷ் காற்றுப்பை ஊதி மேலேயே தத்தளிக்கும். லிங்காட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, விட்டால் நேரே கீழே போய்விடும். செவுள் மட்டும் கிழியாமல் இருக்க வேண்டும். மூன்று முள் சேர்ந்த கொக்கியோடு விற்கும் ஜிக் என்ற உலோக இரையை வாங்கினால் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கொக்கிக்கழியால் குத்தித் தூக்க வேண்டாம்; அகலமான கைவலை ஒன்று படகில் இருக்கட்டும்.