கருவைக் காக்கும் கடமை

தஞ்சை மாவட்டம் பாபநாசத்துக்கு அருகே வெட்டாற்றின் கரையில் அமைந்த திருத்தலம் திருக்கருகாவூர். முல்லைவனநாதரும் கர்ப்பரட்சாம்பிகையும் அருள்பாலிக்கும் இத்தலத்துக்குக் கருவுற்ற பெண்கள் குடும்பத்தோடு வந்து வழிபடுவர். சுகப்பிரசவம் வேண்டி, அன்னையின் சந்நிதியில் வைத்து அளிக்கப்படும் எண்ணெயைப் பெற்றுச் செல்வர்.

இத்தலபுராணத்தில் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நித்துருவ முனிவர் வெளியே சென்றிருந்த வேளையில், கருவுற்றிருந்த அவர் மனைவி வேதிகை தனித்து, உடல் அயர்ந்திருந்தாள். அப்போது பிச்சை ஏற்க வந்த ஊர்த்துவபாத முனிவர், அவள் நிலையை அறியாது சினந்து சபித்தார். கரு சிதைந்தது. கதறியவளுக்கு இரங்கிய அன்னை, அக்கருவைக் குடத்தில் ஏந்திக் காத்து மகவாக அளித்தாள். அன்னை அவளிடம் குறை காணவில்லை; துணையாக நின்றாள்.

இன்றைய இல்லங்கள் இக்கதையில் எப்பக்கம் நிற்கின்றன? 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 19 லட்சம் குழந்தைகள், 28 வாரங்களைக் கடந்த பின் உயிரின்றிப் பிறந்தன. அத்தகைய துயரம் நேர்ந்த வீட்டில், தாயின் ராசியையும் நடையையும் பழிப்போர் உளர். அது ஊர்த்துவபாதரின் சினம். எத்துணை கவனமாக இருப்பினும் சில இழப்புகளைத் தவிர்க்க இயலாது. எனினும் பலவற்றைத் தவிர்க்க இயலும். அதற்கு இல்லத்தார் அனைவரும் துணை நிற்க வேண்டும்.

முதலாவது, குழந்தையின் அசைவு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென ஓர் அசைவு முறை உண்டு. அதைத் தாயே நன்கறிவாள். அது குறைந்தாலோ மாறினாலோ அன்றே, அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாதம் நிறைந்தால் அசைவு குறைவது இயல்பு என்பது தவறான நம்பிக்கை. "இராகுகாலம் கழியட்டும், பொழுது விடியட்டும்" எனக் காத்திருத்தல் கூடாது. இரவானாலும் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். பரிசோதித்து "நலம்" என்று மருத்துவர் கூறினால் மகிழ்ச்சியே. மறுநாள் மீண்டும் ஐயம் எழுந்தால் மீண்டும் செல்வதில் நாணம் வேண்டா. இரத்தப்போக்கு, நீர் கசிதல், கடும் தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

28 வாரங்களுக்குப் பின் ஒருக்களித்துப் படுத்து உறங்குதல் நன்று. உறக்கத்தில் மல்லாந்திருந்தது தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மீண்டும் திரும்பிப் படுத்தால் போதும். இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை மருத்துவர் கூறியபடி உண்ணுதல், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறித்த நாளில் பரிசோதித்தல் இன்றியமையாதவை. புகையிலையும் மதுவும் கருவுக்குப் பகை. கணவர் வீட்டினுள் விடும் புகையும் கருவைத் தாக்கும். ஆதலால் தந்தையாகப் போகிறவர் ஏற்கத்தக்க விரதம் புகையை விடுவதே.

கருவுற்றவள் பட்டினி கிடக்க வேண்டும் எனக் குடும்பத்தார் வற்புறுத்தல் ஆகாது. ஏகாதசியும் சஷ்டியும் அடுத்த ஆண்டும் வரும். அவளுக்காக நோன்பை மாமியாரோ கணவரோ ஏற்கலாம். அடுப்படி வேலையையும் அவ்வாறே பகிரலாம்.

வளைகாப்பன்று ஊரே கூடி வளையல் அணிவித்து வாழ்த்துகிறது. அன்று பெரியோர் ஒருவர், "நள்ளிரவானாலும் எழுப்பு, உடன் வருகிறேன்" என்று அவளிடம் கூறுவாராயின் அதுவும் ஆசியே. தாய் சேய் நல அட்டையும் அன்னையின் பிரசாத எண்ணெயும் ஒரே பையில் ஆயத்தமாக இருக்கட்டும். கர்ப்பரட்சாம்பிகை எல்லா அன்னையரையும் காத்தருள்வாளாக!