காத்திருக்கும் கண்

சங்கச் சான்றோர் பறவையை வெறும் அழகுப் பொருளாக மட்டும் கண்டாரல்லர். குறுந்தொகையில் கபிலர் படைத்த குறிஞ்சித் தலைவி, தலைவன் தன்னை மணந்த நாளில் வேறு சான்று எவரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நின்ற குருகு ஒன்றே இருந்தது என்று கலங்குகின்றாள். வள்ளுவரோ, காலமறிதல் அதிகாரத்தில், காத்திருத்தலுக்குக் கொக்கையே உவமையாக்கினார். சான்றாக நிற்றல், காத்து நிற்றல் என்னும் இவ்விரு பண்புகளும் பறவைகளை நிழற்படம் எடுப்போர்க்கு இன்றியமையாதன என்பதே நாம் இங்கு வலியுறுத்த விழைவது.

இதனை வலியுறுத்த வேண்டிய தேவை நம் போடிநாயக்கனூர்ப் பகுதியிலேயே எழுந்துள்ளது. வடகிழக்குப் பருவமழையால் கண்மாய்கள் நிறைந்ததும், நீரோரங்களிலும் நெல்வயல்களிலும் கொக்குகளும் நாரைகளும் கூட்டங்கூட்டமாக வந்திறங்குகின்றன. மேற்கே ஏலமலைச் சரிவு கரும்பச்சைத் திரையாக நிற்க, அதன்முன் வெண்கொக்குக் கூட்டம் ஒருங்கே எழுந்து விரியும் காட்சி கண்ணுள்ள எவரையும் நிற்கவைக்கும். கையில் கைப்பேசி வைத்திருக்கும் மாணவர் அதனைப் படமாக்க விரும்புவதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் கூட்டம் தானாக எழும்வரை பொறுத்திருப்போர் சிலரே. கைதட்டியும் கல்லெறிந்தும், சில வேளைகளில் வெடி கொளுத்தியும் பறவைகளை எழுப்பிவிட்டுப் படம் எடுப்போரையும் காண்கின்றோம். ஆளில்லாச் சிறுவிமானங்களைக் கூட்டத்தின் நடுவே செலுத்துவோரும் உளர்.

இதனால் பறவைக்கு என்ன கேடு என்று வினவலாம். பறத்தல் நமக்குக் காட்சி. பறவைக்கோ அது கடும் உழைப்பு. இரை தேடி இறங்கிய பறவையை மீண்டும் மீண்டும் எழுப்பினால், உண்டதைக் காட்டிலும் செலவழிப்பது மிகுதியாகும். கூட்டில் முட்டை இருக்கும் காலமாயின் கேடு இன்னும் பெரிது. தாய்ப்பறவை அஞ்சி விலகிய சில நிமிடங்களில் முட்டை வெயிலில் காயும். காகம் கவர்ந்து செல்லும். நமக்குக் கிடைப்பது ஒரு படம். அதற்கு விலை கொடுப்பது அதில் இடம்பெறாத குஞ்சு.

நிழற்படக் கருவியின் வரலாற்றிலேயே வேட்டையின் நிழல் படிந்துள்ளது. 1882ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் மாரே, பறவை பறக்கும் முறையை ஆராய ஒரு கருவி செய்தார். அது துப்பாக்கி வடிவிலேயே இருந்தது. விசையை அழுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் பதிந்தன. ஆங்கிலத்தார் துப்பாக்கியால் சுடுவதற்கும் படம் எடுப்பதற்கும் ஒரே வினைச்சொல்லை வழங்குகின்றனர். நாமும் ‘படம் பிடித்தல்’ என்கிறோம். கண்ணி வைப்போனும் பறவையைப் பிடிக்கிறான். சொல் ஒன்றாயினும் செயல் ஒன்றாகிவிடக் கூடாது.

பறவையியல் அறிஞர் சலீம் அலி (1896–1987) 1933ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ப் பறவைகளை ஆராய்ந்தபோது, நம் போடிமெட்டுக்கு அப்பாலுள்ள மூணாறு, மறையூர்ப் பகுதிகளில் தங்கிப் பணியாற்றினார். அக்காலத்தில் பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்த்தே இனத்தை உறுதி செய்தனர். இன்று அப்பணியின் பெரும்பகுதியை நல்லதொரு நிழற்படமே செய்துவிடுகிறது. பறக்கும்போது கழுத்தை மடித்துக்கொள்வது கொக்கு. நீட்டிப் பறப்பது நாரை. இவ்வேறுபாட்டை ஒரு படம் ஐயமறக் காட்டும். உயிரைப் போக்காமல் அறிவைப் பெறும் வழி இவ்வாறு நமக்கு வாய்த்திருக்க, அக்கருவியைக் கொண்டே பறவையை விரட்டுவது எவ்வகையில் பொருந்தும்?

ஆங்கிலத்தில் ‘கிரேன்’ எனப்படும் பெருங்கொக்கினம் வேறு. தமிழகத்தில் அதனைக் காண்பது மிக அரிது. இராசத்தானத்தின் பலோதி அருகிலுள்ள கீசன் என்னும் சிற்றூருக்கோ, ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அவ்வினப் பறவைகள் பல்லாயிரம் வருகின்றன. இமயத்தையே கடந்துவரும் இவற்றை அவ்வூரார் ‘குர்ஜா’ என்று அழைக்கின்றனர். 1970களில் ரத்தன்லால் மாலு என்பவர் தானியமிட்டுப் பேணத் தொடங்க, பின்னர் ஊரே அக்கடமையை ஏற்றது. படம் எடுக்க வருவோர் சுற்றியுள்ள வீட்டு மாடிகளில் அமைதியாக அமர்ந்து, வானை மறைத்து இறங்கும் கூட்டத்தைப் பதிவு செய்கின்றனர். 2025ஆம் ஆண்டு கீசன், ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. அமெரிக்காவின் பிளாட் ஆற்றங்கரையிலும் வசந்த காலத்தில் லட்சக்கணக்கான பெருங்கொக்குகள் கூடுகின்றன. அங்கே பார்வையாளர் விடியுமுன்னரே மரத்தாலான மறைவிடத்துக்குள் சென்று, பறவைகள் தாமாக எழும்வரை ஓசையின்றிக் காத்திருக்கின்றனர்.

இப்பண்பு நமக்கும் புதிதன்று. வேடந்தாங்கல் மக்கள் வெள்ளையர் துப்பாக்கியை எதிர்த்து முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே பறவைகளுக்குக் காப்பாணை பெற்றனர். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே மக்கள் துறந்துள்ளனர். சிற்றூர்ப் பெரியோர் பண்டிகை மகிழ்வையே விட்டுக்கொடுத்தனர் என்றால், கற்ற இளைஞர் ஒரு படத்தின் அவசரத்தை விட்டுக்கொடுக்கலாகாதா?

“படங்கள் இருந்தாலன்றோ மக்களுக்குப் பறவைமேல் பற்று வளரும்?” என்பார் உளர். உண்மையே. பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த சைபீரியப் பெருங்கொக்கு 2002ஆம் ஆண்டுக்குப் பின் அங்கு வரவில்லை. அங்கு வாழ்ந்தமைக்குப் படங்களே எஞ்சிய சான்று. ஆயினும் அஞ்சி ஓடும் கூட்டத்தின் படம் பறவையின் இயல்பைக் காட்டாது. நம் குறுக்கீட்டையே காட்டும். அது பொய்ச்சான்று. சட்டமும் இதனை எளிதாகக் கருதவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்லுதலோடு விரட்டுதலும் அடங்கும்.

காத்திருப்போர்க்கு நம் ஊரே பேருதவி செய்கிறது. இரவில் மரங்களில் அடைந்த கொக்குகள் புலரும் வேளையில் இரை தேடித் தாமாகவே கிளம்புகின்றன. அப்போது கீழ்வானத்துக் கதிர் நம் முதுகுக்குப் பின்னிருக்கும். ஏலமலை எதிரே ஒளிபெறும். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும் என்பதறிந்து, கரையோர மரநிழலில் இருள் பிரியுமுன் சென்று அமர்ந்தால் போதும். கூடுள்ள இடத்தை ஊரறியப் பரப்பாதிருத்தலும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! ஒரு நாள் கூட்டம் எழாமலே போகலாம். வெறுங்கையோடு திரும்ப நேரலாம். மறுநாளும் செல்லுங்கள். நீங்கள் வந்ததும் அமர்ந்ததும் திரும்பியதும் அறியாமல் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தால், படம் கிடைக்காத அந்நாளும் நன்னாளே.