மசக்கை என்று தட்டிக்கழிக்காதீர்!

“மசக்கைதானே, யாருக்குத்தான் இல்லை?” சிதறால் மலையடிவாரத்து வீடுகளில் நாம் காது புளிக்கக் கேட்ட வார்த்தை இது. அண்டி ஆபீசில் லீவு கேட்கும் பெண்ணுக்கும் இதே பதில்தான்.

சாதாரண மசக்கை வேறு. குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தி வேறு. பின்னது நோய். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. வடிகட்ட வேண்டிய கழிவு உடம்பிலேயே தேங்குகிறது. வாந்தியோடு உப்புச் சத்தும் போவதால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். காலத்தோடு உப்புநீர் ஏற்றினால் சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். நாள் கடத்தினாலோ, சேதம் முற்றி டயாலிசிஸ் வரை போகக்கூடும்.

2012 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மனைவி கேட்டுக்கு இதே நோய் வந்தது. உடனே லண்டனில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஓய்வு கொடுத்தார்கள். அதை நாம் குறை கூறவில்லை. தாய்க்கு உரிய கவனிப்பு அது. ஆனால், அரண்மனைத் தாய்க்கு நோயாக இருப்பது, கிலோக் கணக்கில் பருப்புத் தோலுரித்துக் கூலி வாங்கும் தாய்க்கு மட்டும் சாக்குப்போக்கு ஆவது எப்படி?

சட்டம் என்ன சொல்கிறது? கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, டாக்டர் சான்று காட்டினால், பிரசவ விடுப்புக்கு மேல் ஒரு மாதம்வரை சம்பளத்தோடு லீவு உண்டு. 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த இந்த உரிமை, 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இது முதலாளியின் தர்மம் அல்ல, தொழிலாளியின் பாத்தியதை. ஆனால் நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கு? ஒரு நாள் படுத்தால் அன்றைய அடுப்பு எரியாது. அவளுக்கும் நோய்க்கால ஊதியம் கொடுக்க சர்க்கார் முன்வர வேண்டும்.

தோழர்களே! கோரிக்கை வெல்லும்வரை உயிர் காத்திராது. ஒரு பகல் முழுதும் எதுவும் தங்கவில்லையா? எட்டு மணி நேரமாகச் சிறுநீர் பிரியவில்லையா? கறுத்துப் போகிறதா? எழுந்தால் தலை சுற்றுகிறதா? கஷாயம் காய்ச்சிக் காத்திருக்க வேண்டாம். குழித்துறை அரசு ஆஸ்பத்திரிக்கோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ உடனே கூட்டிச் செல்லுங்கள். சிறுநீரும் இரத்தமும் சோதிக்கச் சொல்லுங்கள். சான்று வாங்கிச் சங்கத்தில் கொடுங்கள். லீவு பெறும் போராட்டத்தில் நாம் கூட நிற்போம்.