இல்லமும் கருவியும்: புதுக் கணினிக்கு உறுப்புகள்

தில்லி மயூர் விஹாரிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்திருக்கிறார். அவருடைய மூத்த மகள் இவ்வாண்டு கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். இளையவன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். இல்லத்திலுள்ள பழைய கணினி விண்டோஸ் 11 பதிப்பை ஏற்க மறுக்கிறது. சீட்டுப் பணம் 70,000 ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. நேரு பிளேஸில் ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த விலைப் பட்டியலின் நகலையும் இணைத்து, இதனை வாங்கலாமா என்று வினவியிருக்கிறார். இத்தகைய தொகை மறுமுறை எப்பொழுது கைக்கு வருமோ என்ற கவலையையும் தெரிவித்திருக்கிறார். இவ்வினா பல குடும்பங்களுக்கு உரியதாகலின், அவர் இசைவுடன் இங்கே விரிவாக விடையளிக்கிறோம்.

பட்டியல் இவ்வாறு செல்கிறது: ஐ7 கம்ப்யூட்டர், 16 ஜி.பி. டி.டி.ஆர்.3, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்குகளுடன் கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். உட்பட, மொத்தம் 42,000 ரூபாய். புதியது, ஓராண்டு உத்தரவாதம் உண்டு என்று கடைக்காரர் வாய்மொழியாகக் கூறினாராம்.

சகோதரியார் இதனை வாங்க வேண்டாம். குற்றம் விலையில் இல்லை; "டி.டி.ஆர்.3" என்ற சிறு குறிப்பில் இருக்கிறது. ரேம் எனப்படும் நினைவகத்தில் தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர்.3 சந்தைக்கு வந்தது 2007இல், டி.டி.ஆர்.4 வந்தது 2014இல், டி.டி.ஆர்.5 இல்லக் கணினிகளில் நுழைந்தது 2021இல். ஒன்றிற்கான பள்ளத்தில் மற்றொன்று பொருந்தாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. ஆகவே டி.டி.ஆர்.3 நினைவகம் என்றால் அதனை ஏற்கும் பழைய பலகை. பழைய பலகை என்றால் அதில் அமரும் பழைய செயலி. "ஐ7" என்ற பெயரை இன்டெல் நிறுவனம் 2008 முதல் வழங்கி வந்திருக்கிறது. 2008இல் வெளிவந்ததற்கும் ஐ7 என்றே பெயர். 2023இல் வெளிவந்ததற்கும் ஐ7 என்றே பெயர். அப்பெயருக்குப் பின் வரும் எண்ணைக் கேளாமல் ஐ7 என்று மகிழ்வது, மாப்பிள்ளை பட்டதாரி என்று மட்டும் கேட்டு மகிழ்வதை ஒக்கும். இப்பட்டியலில் உள்ளது பெரும்பாலும் 2013ஆம் ஆண்டளவில் வந்த நான்காம் தலைமுறையாகவோ அதற்கும் முந்தியதாகவோ இருத்தல் வேண்டும். அலுவலகங்கள் கழித்த செயலியைப் புதிய பளபளப்பான கேபினெட்டில் அமர்த்தி விற்பது நம் நாட்டுச் சந்தைகளில் நெடுநாளைய வழக்கம்.

இதில் வருந்தத்தக்க ஒன்று உண்டு. மைக்ரோஸாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 பதிப்பிற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதற்கொண்டே. எந்தக் காரணத்தால் பழைய கணினியை ஒதுக்க நேர்ந்ததோ, அதே குறையுள்ள மற்றொன்றை 42,000 ரூபாய் கொடுத்துச் சகோதரியார் இல்லத்திற்குக் கொணர இருந்தார்.

"4 ஜி.பி. கிராபிக்ஸ்" என்பதும் அத்தகையதே. 4 ஜி.பி. என்பது அட்டையில் உள்ள நினைவகத்தின் அளவு. அட்டையின் ஆற்றலை அது சொல்லாது. 2014இல் வந்த ஜி.டி. 730 என்னும் எளிய அட்டையிலும் 4 ஜி.பி. பதிப்புகள் உண்டு. பெயரும் எண்ணும் இல்லாத அட்டைக்கு விலை கொடுத்தல் கூடாது.

நிற்க. பட்டியலில் எழுதியவற்றைக் காட்டிலும் எழுதாதவையே கவனத்திற்கு உரியவை. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை எந்த நிறுவனத்தினுடையது, எந்த மாதிரி என்று ஒரு சொல்லும் இல்லை. மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டுடன் இலவசம்போல் சேர்க்கப்பட்டிருக்கிறது. செயலியின் பெயரையும் ஜி.பி. கணக்கையும் யாவரும் கேட்பர். இவ்விரண்டையும் கேட்பவர் அரியர். ஆதலால் விற்பவர் பணத்தை மிச்சம் பிடிப்பது இவ்விரண்டிலேயே. ஏனைய உறுப்புகள் அனைத்தும் அமர்வதோ தாய்ப்பலகையின்மீது. உயிர் பெறுவதோ எஸ்.எம்.பி.எஸ். வழியாக.

இனி எப்படித் தேர்ந்தெடுப்பது? செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்க வேண்டும். கட்டடக்கலையின் முதலாண்டில் மாணவர் பெரும்பாலும் பலகையும் டீ ஸ்கொயருமாகக் கையால் வரைவர். அடுத்து ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், பின்னர் ரெவிட் போன்றவை வரும். கட்டடத்தை மெய்போல ஒளிநிழலுடன் காட்டும் மென்பொருள்கள் அதற்கும் பின்னரே. வலிய கிராபிக்ஸ் அட்டை இன்றியமையாததாவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். எனவே நமது யோசனை யாதெனில், இவ்வாண்டு அட்டையே வாங்க வேண்டாம். ஈராண்டு கழித்து ஓர் அட்டையைத் தாங்கும்படியான அடித்தளத்தை இன்றே நன்றாக அமைத்துவிட வேண்டும். இளையவன் இந்த யோசனையை வரவேற்கமாட்டான் என்பதை நாம் அறிவோம். அவனுடைய விளையாட்டுகளும் அவ்வட்டைக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

அட்டை இல்லாமல் திரையில் படம் தோன்ற வேண்டுமானால், செயலிக்குள்ளேயே அதற்குரிய பகுதி இருத்தல் வேண்டும். இன்டெல் செயலிகளில் எண்ணின் இறுதியில் "எஃப்" என்னும் எழுத்து இருந்தால் அப்பகுதி இல்லை என்று பொருள். ஐ5-12400 படம் காட்டும். சற்று மலிவான 12400எஃப் காட்டாது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600 செயலியிலும் அது கிடையாது. 5600ஜி, 7600 ஆகியவற்றில் உண்டு. சில நூறு ரூபாய் மிச்சம் என்று எஃப் வகையை வாங்கி வந்து, கரிய திரையைப் பார்த்து விழிப்பவர் உளர்.

நமது தேர்வு ரைசன் 5 7600. ஆறு உட்கருக்கள் கொண்டது, மாணவிக்குப் போதும். இதனை விரும்புவதற்குக் காரணம் வேகம் மட்டுமன்று. இது அமரும் ஏ.எம்.5 என்னும் இருக்கை 2022இல் வந்தது. 2027 வரையிலேனும் இதற்குச் செயலிகள் தருவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. முந்தைய ஏ.எம்.4 இருக்கையில், 2017இல் வாங்கிய பலகைகள் பலவும் 2020இல் வந்த ரைசன் 5000 வரிசையை ஏற்றன; உள்மென்பொருளைப் புதுப்பித்தாலே போதுமானதாயிருந்தது. இன்டெல்லோ 2021இல் கொணர்ந்த இருக்கையை மூன்று தலைமுறைகளுடன் முடித்து, 2024இல் வேறொன்றுக்கு மாறிவிட்டது. பலகையை மாற்றாமல் செயலியை மட்டும் மாற்ற முடிவது நடுத்தரக் குடும்பத்திற்குப் பெரிய லாபம். பலகை பி650 வகையில், அறியப்பட்ட நிறுவனத்தினுடையதாக, நினைவகத்திற்கு நான்கு பள்ளங்கள் உள்ளதாக இருப்பின் நன்று.

நினைவகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2025ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அதன் விலை கடுமையாக ஏறலாயிற்று. செயற்கை அறிவு நிலையங்களுக்காகப் பெருமளவில் நினைவகச் சில்லுகள் சென்றதே காரணம். மைக்ரான் நிறுவனம் தன் "குரூஷியல்" வணிகப் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. இத்தகைய காலத்தில் 32 ஜி.பி. வேண்டும் என்று முனைதல் வேண்டாம். ரெவிட் முதலியவற்றுக்கும் தொடக்கத்திற்கு 16 போதும். எட்டு எட்டாக இரண்டு துண்டுகள் வாங்கினால் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆயினும் இரண்டே பள்ளமுள்ள பலகையில், பின்னாளில் கூட்ட நேரும்பொழுது இரண்டையும் கழற்றி எறிய வேண்டிவரும். அத்தகைய பலகைக்கு 16 ஜி.பி. துண்டு ஒன்றை வாங்கி மற்றப் பள்ளத்தைக் காலியாக விடுவதே நாம் விரும்பும் வழி.

சேமிப்புக்கு என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. ஒன்று. பணம் போதாவிட்டால் குறைக்க வேண்டியது இதன் கொள்ளளவையே. பிற்காலத்தில் இன்னொன்று சேர்ப்பது எளிது. பழைய கணினியின் மானிட்டரும் விசைப்பலகையும் நல்ல நிலையில் இருந்தால் அவையே இருக்கட்டும். தமிழ் எழுத்துப் பொறித்த விசைப்பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்99 அமைப்பு மென்பொருளிலேயே அடங்கிவிடும்.

இவ்வாறு மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை எஸ்.எம்.பி.எஸ். வாங்கத் தயங்காமல் செலவிடுக. கேபினெட்டுடன் வரும் பெயரற்ற பெட்டியில் 450 வாட் என்று அச்சிட்டிருப்பர், அச்சடிக்கச் செலவில்லை. சுமை ஏறும்பொழுது அது திணறி அணைந்தால் நல்லூழ் எனலாம். தான் கெடும்பொழுது பலகையையும் உடன் கெடுத்த கதைகள் நேரு பிளேஸில் பழுது பார்ப்போர் எவரைக் கேட்டாலும் கிடைக்கும். 80 பிளஸ் என்னும் முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதை மட்டுமே காட்டும். பாதுகாப்புக்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆதலால் முத்திரையுடன் நிறுவனத்தின் பெயரையும், ஐந்தாண்டு உத்தரவாதம் தருகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். அளவு எவ்வளவு? நாம் கூறிய செயலி 65 வாட் வகையைச் சேர்ந்தது. ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற நடுத்தர அட்டை 115 வாட் கொள்ளும். ஏனையவற்றையும் கூட்டினால் 300க்குள் அடங்கும். நல்ல நிறுவனத்தின் 550 வாட் பெட்டியே தாராளம். 850 வாட் வேண்டும் என்று அச்சுறுத்துபவரை நம்ப வேண்டாம்.

வாடகை வீடுகளில் குடியிருப்போர்க்கு இங்கே ஒரு குறிப்பு. கணினிப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் விரலில் சுருக்கென்று உறைக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் சிறிதளவு மின்சாரத்தை உலோகப் பெட்டிக்குக் கசிய விடுவது இயல்பு. அது எர்த் கம்பி வழியே நிலத்திற்குச் சென்றுவிட வேண்டும். பழைய வீட்டில் மூன்று துளைப் பிளக் இருந்தும் மூன்றாவது துளைக்குக் கம்பியே இல்லாதிருத்தல் உண்டு. குற்றம் கணினியில் இல்லை. மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகே புதுக் கருவியை இணைக்க வேண்டும். வீட்டுக்காரர் செலவை ஏற்க மறுத்தாலும் நாமே செய்துகொள்வது நலம். குழந்தைகள் வெறுங்காலுடன் அமரும் இடமன்றோ? மின்தடைக்கு ஒரு யு.பி.எஸ். வேண்டும். சந்தையில் மலிந்துள்ள 600 வி.ஏ. வகை பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். செய்த வேலையைச் சேமித்து அணைப்பதற்கு அது போதும்.

கேபினெட் முன்புறம் காற்றுப் புகும் வலையும், கழற்றிக் கழுவத்தக்க தூசி வடிகட்டியும் உள்ளதாக இருக்கட்டும். தில்லித் தூசியை அறிந்தவர்க்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கச் செல்லும்பொழுது உறுப்பு ஒவ்வொன்றின் நிறுவனம், மாதிரி எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி எடுத்துச் செல்க. நேரு பிளேஸாயினும், மும்பை லேமிங்டன் சாலையாயினும், பெங்களூர் எஸ்.பி. சாலையாயினும், கல்கத்தா சாந்தினி சௌக்காயினும் இது பொருந்தும். நமது ஹிந்தியும் வங்காளியும் கடைக்காரரின் பேச்சு வேகத்திற்கு ஈடுகொடுப்பதில்லை. தாளில் எழுதிய எண்ணை எவரும் பேச்சால் மாற்ற இயலாது. இணையக் கடைகளின் விலையையும் முன்னதாகக் குறித்துக்கொள்க. சொன்ன பொருள் இல்லை, அதைவிடச் சிறந்தது இருக்கிறது என்று ஒருவர் கூறினால், நன்றி சொல்லி அடுத்த படிக்கட்டில் ஏறுக.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத வரி மிச்சம் என்பார்கள். அதற்கு இணங்கலாகாது. நம்மைப் போல் மாற்றலுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். கடையின் உத்தரவாதம் அக்கடையின் மேஜையோடு முடிவது. குடும்பம் தில்லியிலிருந்து புணேக்கோ குவாஹாட்டிக்கோ சென்றுவிட்டால் அதனால் பயனில்லை. உற்பத்தி நிறுவனத்தின் உத்தரவாதமோ பில்லையும் பொருளின் வரிசை எண்ணையும் கொண்டு பிற ஊர்களிலும் கோரத்தக்கது. எனவே ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதச் செய்க. செயலியை முத்திரை உடையாத பெட்டியிலேயே வாங்குக. "டிரே" என்று தனியாகத் தருவதற்குப் பொதுவாகக் கடையின் வாக்குறுதி மட்டுமே உண்டு. இணைத்து முடித்தபின், பயாஸ் திரையைத் திறக்கச் சொல்லி, செயலியின் பெயரும் நினைவகத்தின் அளவும் தாளில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று மகளையே படித்துப் பார்க்கச் சொல்லலாம்.

பெட்டிகளை எறிய வேண்டாம். பலகை, செயலி ஆகியவற்றின் அட்டைப் பெட்டிகள் பரண்மேல் இருக்கட்டும். மாற்றல் வரும் நாளில் லாரியில் ஏற்றுமுன், கிராபிக்ஸ் அட்டை பொருத்தியிருப்பின் அதனைக் கழற்றித் தனியே கட்டுக. குலுக்கலில் அதன் பளு பலகையின் பள்ளத்தை முறித்துவிடக் கூடும். பக்கத்தில் கண்ணாடி வைத்த கேபினெட்டை நாம் பரிந்துரைக்காததற்கும் லாரியே காரணம்.